முதலில் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள்

சூழலுக்குக் கேடு இல்லாமல் குடும்பம் நடத்த வேண்டும் என்று தோன்றியதும் நம்மில் பலர் முதலில் போவது கடைக்குத்தான். மூங்கில் பிரஷ், கண்ணாடி பாட்டில், புதிதாக ஒரு செட் எவர்சில்வர் டப்பா என்று ஆரம்பித்து, வீட்டில் நன்றாக இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவையெல்லாம் தூக்கிப் போடுகிற வரைக்கும் போய்விடும். தயவுசெய்து எதையும் வாங்காதீர்கள், எதையும் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒரு நாள் ராத்திரி, குப்பையை வெளியே வைப்பதற்கு முன்னால், பழைய பேப்பர் நாலைந்தை விரித்து அதன்மேல் உங்கள் வீட்டுக் குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள், போதும்.

எங்கள் வீடு சென்னையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், நாலு பேர். நாங்கள் கவிழ்த்தபோது பாதிக்கும் மேல் காய்கறித் தோல், பழத்தோல், டீத்தூள், சாமிக்குப் போட்ட பூ, மிச்சச் சோறு. அதற்கு அடுத்தபடியாக பால் கவர், மளிகைக் கவர், ஹோட்டல் பார்சல் டப்பா. எதில் முதலில் கை வைக்க வேண்டும் என்று எங்களுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. உங்கள் வீட்டுக் கணக்கு கொஞ்சம் மாறலாம், ஆனால் சமைத்துச் சாப்பிடுகிற வீடு எதுவானாலும் ஈரக்குப்பைதான் முதலில் நிற்கும்.

இந்த ஈரக்குப்பை எப்படியும் மக்கிவிடுமே, அதில் என்ன கெடுதல் என்று கேட்பவர்கள் நிறைய. மக்கும், ஆனால் எங்கே மக்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கவரில் கட்டி, லாரியில் ஏற்றி, குப்பைமேட்டில் மலைபோலக் குவிந்து அமுங்கிக் கிடக்கும்போது உள்ளே காற்றே போகாது. காற்றில்லாமல் அழுகினால் வருவது மீத்தேன். அது கார்பன் டை ஆக்ஸைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு, தீயும் பிடிக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றிக்கொண்டு நாள் கணக்கில் புகைந்ததைச் சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மேடு இருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில், பூநாரைகள் வந்து இறங்குகிற இடத்தில். அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. நம் வீட்டு வாழைப்பழத் தோல் அங்கே போய்ச் சேர வேண்டிய அவசியமே இல்லை.

பால்கனியில் உரம் போடுவது

ஈரக்குப்பையை வீட்டிலேயே மக்கவைத்து உரமாக்கத் தோட்டம் தேவையில்லை. இரண்டு அடி இடம் போதும். பெயின்ட் அடித்து மிச்சமான 20 லிட்டர் வாளி இரண்டு எடுத்து நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள் (வீட்டில் இல்லையென்றால் பெயின்ட் வேலை நடக்கிற எந்த வீட்டிலும் கேட்டால் கொடுப்பார்கள்). பக்கவாட்டில் நாலு விரல் இடைவெளியில் சுற்றிலும் ஓட்டை, அடியில் ஏழெட்டு ஓட்டை. கம்பியைச் சூடாக்கிக் குத்துவதைவிட டிரில் இருந்தால் நல்லது, பிளாஸ்டிக் உருகும் புகை வேண்டாம். கீழே ஒரு பழைய தட்டு, வாளிக்கும் தட்டுக்கும் நடுவே இரண்டு ஓட்டுத்துண்டோ மரக்கட்டையோ வைத்துக் கொஞ்சம் தூக்கி நிறுத்துங்கள். மண்பானை வைத்திருப்பவர்கள் அதையே வைக்கலாம், காற்று இன்னும் நன்றாகப் போய்வரும்.

அடுத்தது காய்ந்த சமாச்சாரம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் கோட்டைவிடுகிற இடம் இதுதான். ஈரக்குப்பையை மட்டும் வாளியில் கொட்டிக்கொண்டே போனால் பத்தாவது நாள் நாறும், வீட்டில் இருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வாளி தெருவுக்குப் போய்விடும். ஆகவே ஒரு கோணிப்பை நிறைய காய்ந்த இலையை முதலிலேயே சேர்த்து வைத்துவிடுங்கள். தெரு பெருக்குகிற அம்மாவிடம் சொன்னால் ஒரே நாளில் இரண்டு மூட்டை கிடைக்கும். இலை கிடைக்காத இடமென்றால் தென்னை நார்க்கழிவுக் கட்டி நர்சரியில் விற்கும், அதை ஊறவைத்து உதிர்த்துப் பிழிந்துகொள்ளலாம். அட்டைப்பெட்டியைச் சின்னதாகக் கிழித்துப் போட்டாலும் சரிதான், மேலே ஒட்டியிருக்கிற டேப்பை மட்டும் உரித்துவிடுங்கள்.

வாளியின் அடியில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை. அதன்மேல் அன்றைய காய்கறிக் கழிவு, முடிந்தவரை பொடியாக நறுக்கி. அதன்மேல் குப்பை மறையும் அளவுக்கு மறுபடி காய்ந்த இலை. ஒரு பிடி கழிவுக்கு ஒரு பிடி இலை என்று வைத்துக்கொள்ளுங்கள், இலை கொஞ்சம் கூடினால் தப்பில்லை, குறைந்தால்தான் தொல்லை. முதல் வாரம் நன்றாகப் புளித்த மோரை இரண்டு தடவை தெளித்துவிட்டால் வேலை சீக்கிரம் பிடிக்கும், பக்கத்து வீட்டில் யாராவது ஏற்கெனவே இப்படி உரம் தயாரிக்கிறார்கள் என்றால் அவர்களிடம் ஒரு கைப்பிடி வாங்கிப் போடுவது அதைவிட நல்லது. வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு குச்சியால் அடிவரை கிளறிவிட வேண்டும். வாளியின் வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டிவிட்டால் ஈ உள்ளே போகாது.

ஈரப்பதம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் வீட்டில் அம்மா சொன்ன வழிதான் இன்றைக்கும் உதவுகிறது. புட்டு மாவு பதம். கையில் எடுத்துப் பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால் இலை போட்டுக் கிளறுங்கள், பிடிக்கவே மாட்டேன் என்று பொடியாகக் கொட்டினால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அழுகிய நாற்றம் வருகிறதா, காற்றுப் போகவில்லை, இலை போட்டுக் கிளறுங்கள். மூக்கை எரிக்கிற காரமான வாடையா, பச்சைக் கழிவு அதிகம், அதற்கும் இலைதான். தடித்த வெள்ளைப் புழுக்கள் நெளிவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவை கடிக்காது, நோயும் பரப்பாது, உங்களைவிட வேகமாகக் குப்பையைத் தின்று முடிக்கிற வேலைக்காரர்கள். பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் காய்ந்த இலையைக் கூட்டிப் போடுங்கள், ஈரம் குறைந்தால் அதுவாகவே போய்விடும்.

மீன் செதில், எலும்பு, எண்ணெய் மிதக்கிற குழம்பு, பால் ஆகியவற்றை ஃபிளாட் வாளியில் போட வேண்டாம், எலி வரும். மிச்சச் சோறு ஒரு பிடி போகலாம், ஒரு சட்டி போகக் கூடாது. ரசம், சாம்பார் என்றால் வடித்துவிட்டுத் திப்பியை மட்டும் போடுங்கள். முட்டை ஓட்டை நொறுக்கிப் போடலாம். கொட்டாங்குச்சியும் மாங்கொட்டையும் சீக்கிரத்தில் மக்காது, தனியாக எடுத்து வையுங்கள். கொட்டாங்குச்சியைக் கரிக்காகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் விசாரித்துப் பாருங்கள்.

போடப் போட அமுங்கிக்கொண்டே போகும், அதனால் ஒரு வாளி நிறைய மூன்று, நாலு வாரம் ஆகும். நிறைந்ததும் அதை நிழலில் ஒதுக்கிவிட்டு இரண்டாவது வாளியை ஆரம்பித்துவிடுங்கள். அது நிறைவதற்குள் முதல் வாளி கறுப்பாகி, மழை விழுந்த மண் மாதிரி வாசனை வர ஆரம்பித்திருக்கும். சலித்து, மேலே நிற்கிற கட்டிகளை அடுத்த வாளியில் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தொட்டி மண்ணோடு மூன்றில் ஒரு பங்கு கலந்து போடலாம். செடியே இல்லாத வீடா? தெருவில் இருக்கிற வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டு வாருங்கள், அல்லது கீழ்வீட்டில் ரோஜாத்தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள், மறு மாதம் அவரே தேடி வருவார்.

மீதிக் குப்பை

ஈரம் போய்விட்டால் மிச்சக் குப்பை சுத்தமாக, வாடையில்லாமல் இருக்கும். வாரம் ஒரு தடவை வெளியே வைத்தால்கூடப் போதும். மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்பது 2016 திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, நாம் கலந்து கொடுப்பதை யாரோ ஒருவர் வெறுங்கையால் பிரிக்கிறார் என்பது. உடைந்த கண்ணாடியைக் கெட்டியான பேப்பரில் சுற்றி மேலே எழுதி வையுங்கள். நாப்கினையும் டயப்பரையும் பேப்பரில் சுற்றி, பேனாவால் சிவப்பாக ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரை எல்லாவற்றுக்கும் தனியே ஒரு டப்பா இருக்கட்டும்.

பால் கவரை வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டாக்காதீர்கள். அந்தக் குட்டி முக்கோணத் துண்டை யாரும் பொறுக்க முடியாது, சாக்கடையில்தான் போய்ச் சேரும். பாதி வெட்டி கவரோடேயே தொங்கவிட்டு, பாலை ஊற்றிவிட்டு, அலசிக் காயவைத்து அடுக்கி வைத்தால் பழைய பேப்பர்காரர் எடை போட்டுக் காசு தருவார்.

அப்புறம் கவர். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ திட்டமும் வந்தது. அப்படியும் கடைக்குக் கை வீசிப் போனால் கவரில்தான் கொடுக்கிறார்கள். பையை மறப்பதுதான் பிரச்சினை, பை இல்லாதது இல்லை. எந்த வீட்டில் திறந்து பார்த்தாலும் கல்யாணத்தில் வாங்கிய தாம்பூலப்பை முப்பதாவது இருக்கும். அதில் இரண்டை வண்டிப் பெட்டியில், ஒன்றைக் கைப்பையில், ஒன்றை வாசல் கதவுக் கொக்கியில் மாட்டிவிடுங்கள், வீட்டுக்கு வந்து காலி செய்ததும் அதே கொக்கிக்குத் திரும்பிவிட வேண்டும். புதிய துணிப்பை வாங்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பருத்தி விளைய எக்கச்சக்கமாகத் தண்ணீர் வேண்டும், பல நூறு தடவை உபயோகித்தால்தான் அந்தப் பைக்கு அர்த்தம்.

கறிக்கடைக்கும் மாவுக்கடைக்கும் தூக்குவாளி, டிபன் பார்சலுக்கு அடுக்குப் பாத்திரம். முதல் தடவை நீட்டும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், நாலாவது தடவை கடைக்காரரே ‘பாத்திரம் எங்கண்ணே?’ என்று கேட்பார். கொதிக்கக் கொதிக்க சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்கிச் சாப்பிடாமல் இருப்பது உடம்புக்கும் நல்லது.

தண்ணீர்

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தருகிற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் வறண்டபோது குடத்தோடு லாரிக்காக நின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தண்ணீரைச் சுத்தப்படுத்துகிற ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறீர்களா? ஒரு லிட்டர் குடிநீர் கொடுக்க அது ஏறக்குறைய மூன்று லிட்டரைச் சிங்க்கில் விடுகிறது. அந்தக் குழாயை இரண்டு அடி நீட்டி ஒரு வாளியில் விடுங்கள். வீடு துடைக்க, பால்கனி கழுவ, டாய்லெட்டில் ஊற்ற அது போதும். ஆழ்குழாய்த் தண்ணீர் வீடுகளில் அதில் உப்பு அதிகமாக இருக்கும் என்பதால் செடிக்கு மட்டும் அரிசி கழுவிய தண்ணீரையே ஊற்றுங்கள்.

அதற்கும் முன்னால், ஆர்.ஓ. தேவைதானா என்று பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், அக்கம்பக்கத்தில் ஒருவர் வாங்கினால் தெருவே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தண்ணீர் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால், உப்பு விஷயத்தில் அது இந்தியக் குடிநீர்த் தரத்துக்குள்தான் இருக்கிறது. கிருமியை அந்த மீட்டர் காட்டாது, ஆகவே காய்ச்சிக் குடியுங்கள் அல்லது புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும் யு.வி. ஃபில்டர் வையுங்கள்.

சொட்டுகிற குழாயின் அடியில் ஒரு நாள் வாளி வைத்துப் பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் 20 லிட்டர் சேரும், ஒருவர் குளிக்கிற அளவு. பெரும்பாலும் பத்து, இருபது ரூபாய் வாஷர்தான் போயிருக்கும்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏசியை 26-ல் வைத்து ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த கரண்டில் ஓடுகிற புதுவகை மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டுக்கு ஓடும். ஓடுகிற ஃபேனைக் கழற்ற வேண்டாம், அது ரிப்பேராகும்போது இதற்கு மாறுங்கள், அதிலும் நாளெல்லாம் ஓடுகிற ஹால் ஃபேனுக்கு முதலில். டி.வி.யையும் செட்டாப் பாக்ஸையும் ரிமோட்டில் அணைத்தால் அது பாதி அணைப்புதான், சுவிட்சைத் தட்டுங்கள். பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைத்துக் குக்கரில் போட்டால் கேஸ் சிலிண்டர் கூடுதலாகச் சில நாள் வரும்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் மாதம் உரவாளி மட்டும், அது பழகியதும் பை, பாத்திரம், பிறகு தண்ணீர். வீட்டில் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டவும் கூடாது, பெரும்பாலும் அது சமையலறையில் ஏற்கெனவே நிற்கிற பெண்ணின் தலையாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் வாளி கிளறுவது என் வேலை, பால் கவர் அலசுவது பையன் வேலை. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவிடம் எந்தக் கூடையில் எது என்று ஒரு தடவை நிதானமாகச் சொல்லிவிட்டால் நம்மைவிடச் சரியாகப் பிரிப்பார்.

ஆரம்பிக்க நல்ல நேரம் மாசி, பங்குனி. அப்போதுதான் இலை கொட்டும், கோணிப்பையை நிரப்பி வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடியைப் பெருக்கி, மழைநீர்க் குழாயில் அடைத்திருப்பதை எடுத்துவிடுங்கள், 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது போட்ட தொட்டி பல கட்டடங்களில் மண் மூடித்தான் கிடக்கிறது, அசோசியேஷன் கூட்டத்தில் கேளுங்கள். உரவாளியையும் சாரல் படாத மூலைக்கு நகர்த்திவிடுங்கள், ஒரு நாள் நனைந்தால் புட்டு மாவு பதம் போய்விடும்.