மாட்டு உண்ணிக்குத் தேன்மெழுகுக் களிம்பு

தேன்மெழுகு உண்ணியைக் கொல்லாது. வேலை செய்வது வேப்பெண்ணெய்தான். ஆனால் வெறும் எண்ணெயைத் தடவினால் காரைக்குடி வெயிலுக்கு வழிந்துவிடும், மிச்சத்தை மாடு நக்கிவிடும். அதைத் தோலோடு பிடித்து வைக்கத்தான் மெழுகு.

400 மில்லி வேப்பெண்ணெய்க்கு 80 கிராம் தேன்மெழுகு போதும். சித்திரை, வைகாசியில் 100 கிராம் போடுங்கள், இல்லாவிட்டால் களிம்பு இளகி ஓடும். தேன் பிழிந்த அடை இருந்தால் துணியில் மூட்டை கட்டி, கல் வைத்து வெந்நீரில் அமிழ்த்துங்கள். மெழுகு உருகி மேலே மிதக்கும். ஆறியதும் கட்டியாக எடுத்து அடியில் ஒட்டிய கசடைச் சுரண்டிவிடலாம். கடையில் வாங்கினால் ஒரு துண்டை விரலால் பிசைந்து பாருங்கள். நல்ல மெழுகு கைச்சூட்டில் இளகும், மெழுகுவத்தி மெழுகு உதிரும்.

மெழுகை நேரடித் தீயில் வைக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். 65 டிகிரிக்குள் உருகிவிடும். இறக்கிய பிறகே வேப்பெண்ணெயைச் சேர்க்க வேண்டும், அதிகச் சூட்டில் எண்ணெயின் வீரியம் போய்விடும். மார்கழியில் எண்ணெயே உறைந்திருக்கும். அப்படியே ஊற்றினால் மெழுகு திரிதிரியாகக் கட்டும், ஆகவே பாட்டிலை முதலில் வெந்நீரில் வையுங்கள். கலவை ஆறும்வரை கிண்டிக்கொண்டே இருந்தால்தான் களிம்பு வழவழவென்று வரும்.

தடவும் முன் கையுறை போட்டுக்கொண்டு, பெரிய உண்ணிகளைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். நசுக்காதீர்கள், தரையிலும் எறியாதீர்கள். ரத்தம் குடித்து உப்பிய ஒரு பெண் உண்ணி 2,000 முட்டைக்கு மேல் இடும். சோப்புத் தண்ணீர் டப்பாவில் போட்டுவிடுங்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு காது மடல், அலைதாடி (கழுத்தடியில் தொங்கும் தோல்), தொடையிடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். உடம்பு முழுக்கப் பூசினால் வியர்வை அடைபட்டு மாட்டுக்கு மூச்சு வாங்கும். காதுத் துளைக்குள்ளும் கண்ணருகிலும் வேண்டாம். கறவை மாட்டின் மடியில் தடவினால் பாலில் வேப்ப வாடை ஏறும். முதல் நாள் சின்ன இடத்தில் தடவிப் பார்த்து, தோல் சிவக்கவில்லை என்றால் தொடருங்கள். வாரம் ஒருமுறை, குறைந்தது நான்கு வாரம். மாட்டில் ஏறிய உண்ணி சுமார் மூன்று வாரம் அதிலேயே வளர்வதால் ஒருநாள் வைத்தியம் எடுபடாது.

உண்ணி கடித்த புண்ணில் சிலர் தேனைத் தடவுகிறார்கள். தேன் புண்ணை ஆற்றும், உண்மைதான். ஆனால் கொட்டிலில் ஈயும் எறும்பும் மொய்க்கும், ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும். சுத்தம் செய்து கட்டுப்போட முடிகிற இடத்தில் மட்டும் தேன் போடுங்கள்.

இவ்வளவும் செய்து கொட்டிலைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் சீக்கிரமே பழையபடி உண்ணி ஏறும். நம் பக்கத்துச் செம்புறாங்கல் சுவரின் பொத்தல்களும் மண்தரை வெடிப்புகளும்தான் அது முட்டையிடும் இடம். வெடிப்பைச் சாந்து வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள், சாணியையும் பழைய வைக்கோலையும் அன்றாடம் அள்ளுங்கள். பகலில் நாலு நாட்டுக்கோழியை உள்ளே விடுங்கள், உதிர்ந்த உண்ணியைக் கொத்தித் தின்றுவிடும். நாட்டு இனமான புலிக்குளம் மாட்டைவிடக் கலப்பின ஜெர்சிக்கு உண்ணி அதிகம் ஏறும், அதை அடிக்கடி பாருங்கள்.

கடும் காய்ச்சல், காதடியில் கட்டி வீக்கம், காப்பி நிறத்தில் மூத்திரம், வெளுத்த ஈறு இவற்றில் எது தெரிந்தாலும் களிம்பை நம்பி உட்காராதீர்கள். ரத்தத்தில் உண்ணி நோய் இறங்கியிருக்கலாம், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.