பைபாஸ் முடிந்தும் விடாத நெஞ்சு வலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதய பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆன பிறகும் "இன்னும் குத்துது, எரியுது" என்று சொல்பவர்கள் பினாங்கில் நிறையப் பேர். கனம் தூக்காதே, இருமும்போது தலையணையை அணைத்துக்கொள் என்பதையெல்லாம் வார்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவை இங்கே வேண்டாம்.

பார்மசியில் பொன்ஸ்தான் கேட்பது

பார்த்துப் பார்த்து அலுத்துப்போன தவறு இது. பல்வலிக்கு வாங்கிய அட்டையில் மிச்சமிருக்கும் பொன்ஸ்தான் (மெஃபனமிக் அமிலம்), அது தீர்ந்தால் வோல்டரன் (டைக்ளோஃபெனாக்). நெஞ்சு வலி என்றால் தரமாட்டார்களோ என்று "இடுப்பு வலி" என்று சொல்லி வாங்குகிறவர்களும் உண்டு. இந்த வகை மாத்திரைகள் வயிற்றின் உட்சுவரை அரிக்கும். சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தையும் குறைக்கும். ஏற்கெனவே இரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினோ வார்ஃபரினோ ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு. மலம் தார்போலக் கறுத்த பிறகுதான் உள்ளே இரத்தம் கசிவது வெளியே தெரியும். இதே வகையைச் சேர்ந்த இபுபுரோஃபனில் இன்னொரு வம்பு: ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தில் முந்திப்போய் உட்கார்ந்து, அதன் வேலையைக் கெடுத்துவிடும்.

முதலில் எடுக்க வேண்டியது பாராசிட்டமால், அதுவும் ஒழுங்காக. இரவில் ஒரே ஒரு 500 மி.கி. போட்டுவிட்டு "கேட்கலை" என்றால் எப்படிக் கேட்கும்? பெரியவர்களுக்கு வேளைக்கு 1 கிராம், ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தாலோ அளவு குறையும், மருத்துவரிடம் கேளுங்கள். சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் தினமும் பாராசிட்டமால் போடுவதை இரத்தப் பரிசோதனையின்போது சொல்லிவிட வேண்டும்.

எரிச்சலை எலும்பு வலி என்று நினைப்பது

மார்பின் உட்புறத் தமனியைப் பிரித்து இதயத்தில் ஒட்டும்போது விலா இடுக்கு நரம்புகள் காயப்படலாம். இடது மார்பு மரத்துக் கிடக்கும். ஆனால் சட்டை உரசினாலே எரியும். இது நரம்பு வலி, பாராசிட்டமாலுக்கு அவ்வளவாக மசியாது. மருத்துவர் கபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்தைச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். மூன்றாம் நாளே "வேலை செய்யலை" என்று தூக்கிப்போடுகிறார்கள். பல நாள் எடுத்தபின் சட்டென்று நிறுத்துவதும் தப்பு. தூக்கம் சொக்கும், மோட்டார் ஓட்டாதீர்கள்.

எண்ணெய் போட்டு உருவுவது

அறுத்த நெஞ்செலும்பு கூடும்வரை கூடவே கூடாது.

தோளைக் குறுக்கியே நடப்பது

தையல் பிரிந்துவிடுமோ என்று மாதக்கணக்கில் கூனி நடந்தால் தோள்பட்டையும் முதுகும் இறுகி, அது தனி வலியாகிவிடும். பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, தோளை மெதுவாகப் பின்னோக்கிச் சுழற்றப் பழகுங்கள்.

'டக்' சத்தத்தை விட்டுவிடுவது

புரளும்போது நெஞ்செலும்பு டக்கென்று அசைந்தால் அதைக் கட்டிய கம்பி தளர்ந்திருக்கலாம். கூடவே காய்ச்சலோ சீழோ இருந்தால் அன்றே மருத்துவமனை.

எல்லாமே தையல் வலி என்று முடிவு கட்டுவது

விரலால் அழுத்தும்போது அதே இடத்தில் அதே வலி வந்தால் பெரும்பாலும் நெஞ்சுச் சுவர்தான். பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. ஐம்பதாவது படியிலேயே நெஞ்சு இறுகி, நின்றதும் விட்டுப்போனால் அது தையல் வலி அல்ல. உடனே இதய மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்தும் விடாமல் வியர்த்துக்கொட்டினால் அவசர எண் 999-ஐ அழையுங்கள்.