பணச்சோழியா, மோதிரச்சோழியா?

ராமேஸ்வரம் பக்கம் கரையில் பொறுக்கிய குட்டிச் சோழி எந்த வகை என்று குழப்பமா? பெரும்பாலும் பணச்சோழி, இல்லாவிட்டால் மோதிரச்சோழி. இரண்டுமே ஏறக்குறைய 2 செ.மீ. அளவுதான். முதலில் உள்ளே நத்தையோ துறவி நண்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடலிலேயே விட்டுவிடுங்கள்.

பலரும் முதுகிலுள்ள ஆரஞ்சு வளையத்தைப் பார்த்ததும் மோதிரச்சோழி என்று முடிவு கட்டுகிறார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். சில பணச்சோழிகளிலும் மெல்லிய வளையம் உண்டு. அலையில் உரசித் தேய்ந்த மோதிரச்சோழியிலோ வளையமே அழிந்து ஊதா நிறம் தெரியும்.

விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், அதுதான் நல்ல வழி. பணச்சோழியின் ஓரங்களில், குறிப்பாக அகன்ற பின்பக்கத்தில், புடைப்புகள் தட்டுப்படும். மேலிருந்து பார்த்தால் மூலைகள் உள்ள வடிவமாகத் தெரியும். மாலத்தீவிலிருந்து கப்பல் கப்பலாக வங்காளத்துக்குப் போய்ச் சில்லறைக் காசாகப் புழங்கியது இதுதான்! மோதிரச்சோழி வழுவழுப்பான முட்டை வடிவம்.

அப்புறம், திருப்பி வாய்ப்பக்கத்தையும் பாருங்கள். பல்வரிசை இல்லாமல் உதடு மெல்லியதாக இருந்தால் அது வளராத சோழி. அதற்கு இந்த அடையாளங்கள் பொருந்தாது.