காஃபின் கணக்கில் சறுக்கும் இடங்கள்

"காபியை விட்டுட்டேன், இப்போ வெறும் டீதான்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எத்தனை கப் என்றுதான். 240 மி.லி. காபியில் சுமார் 95 மில்லிகிராம் காஃபின் இருக்கும், அதே அளவு பிளாக் டீயில் 47 வாக்கில். நாலு டீ குடிப்பவர் இரண்டு காபி குடித்த கணக்குதான், எதையும் விட்டபாடில்லை.

இதில் ஒரு வேடிக்கை. எடைக்கு எடை பார்த்தால் அராபிகா ரகக் காபிக் கொட்டையைவிட உலர்ந்த தேயிலையில்தான் காஃபின் அதிகம். ஆனால் ஒரு கப்புக்கு இரண்டு கிராம் தேயிலை போதும், காபித்தூளோ பத்து கிராமைத் தாண்டும்.

அடுத்தது நிறத்தை நம்புவது. கறுகறுவென்று வறுத்த காபி கசக்கும், அதற்காகக் காஃபின் கூடிவிடாது. வறுப்பதால் அது பெரிதாகக் குறைவதும் இல்லை. பார்க்க வேண்டியது ரகத்தை. ரொபஸ்டாவில் அராபிகாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பால் ஊற்றினால் நிறம்தான் வெளிறும், இறங்கிய காஃபின் எங்கேயும் போகாது. டீ பையை அரை நிமிடம் முக்கி அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் காஃபின் போய்விடும் என்பதும் வீண் வேலை, பெரும்பகுதி இலையிலேயே இருக்கும், வாசனைதான் நஷ்டம்.

காஃபின் நீக்கிய டிகாஃப் காபி என்றாலும் பூஜ்யம் இல்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

எனக்குப் பெரிய தவறாகத் தெரிவது நேரம். உடம்பில் போன காஃபின் பாதியாகவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்கு ஒரு காபி குடித்தால், இரவு 10 மணிக்கு ஒரு கப் டீயைக் குடித்துவிட்டுப் படுப்பது மாதிரிதான், அப்புறம் தூக்கம் வரவில்லை என்று புலம்பி என்ன பயன்? கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் மெதுவாக வெளியேறும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை பரவாயில்லை என்று சொல்லும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கர்ப்பிணிகளுக்கு 200 தான் என்கிறது.

சரி, குறைக்கலாம் என்று ஒரே நாளில் நிறுத்துவதும் தவறுதான். நான் நிறுத்திப் பார்த்தேன், மறுநாள் மதியம் தலை வெடித்தது. வீட்டில் கிடந்த தலைவலி மாத்திரை ஒன்றைப் போட்டதும் மாயம்போலச் சரியானது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் மருந்தோடு சேர்த்துக் காஃபின் 50 மி.கி.