ஆய்வு மாணவர்களின் தன்விவரக் குறிப்பு (சி.வி.): தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுநிலைப் படிப்பையோ முனைவர் பட்ட ஆய்வையோ முடிக்கும் தறுவாயில் இருக்கும் மாணவர்கள் பலர், இளநிலை இறுதியாண்டில் வளாக நேர்காணலுக்காகத் தயாரித்த பயோடேட்டாவையே எடுத்து, அதன் மேல் இரண்டு மூன்று வரிகளைச் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பாதி இங்கிருந்துதான் கிளைக்கிறது. வளாக நேர்காணலில் அந்தத் தாளைப் படிப்பவர் மனிதவள அலுவலர். ஆய்வுப் பணிக்கோ முனைவர் பட்டச் சேர்க்கைக்கோ விண்ணப்பிக்கும்போது படிப்பவர் அதே துறையில் இருபது ஆண்டுகளாக உழன்ற பேராசிரியராகவோ விஞ்ஞானியாகவோ இருப்பார். எழுதாமல் விட்ட ஒன்றைப் பற்றி அவர் கேட்கப் போவதில்லை. எழுதிய எதைப் பற்றியும் கேட்கலாம். ஆகவே, கேள்விக்குத் தாக்குப்பிடிக்காத வரி ஒன்று இருப்பதைவிட அது இல்லாமலே இருப்பது மேல்.

இயற்பியல், வேதியியல், பொருளறிவியல் துறைகளில் இதற்கு அன்றாடச் சான்று கருவிப் பட்டியல். ‘கையாண்ட கருவிகள்’ என்ற தலைப்பின் கீழ் எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம், டிஇஎம், எஃப்டிஐஆர், என்எம்ஆர் என்று பொருளின் அமைப்பை ஆராயும் கருவிகளின் பெயர்களை ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். உண்மையில் பல மாணவர்கள் மாதிரியைச் சிறு குப்பியில் அடைத்து, படிவத்தை நிரப்பி, கட்டணத்தைக் கட்டி, சென்னை ஐஐடியில் உள்ள சைஃப் போன்றதொரு பொதுக் கருவி மையத்துக்கு அனுப்பியிருப்பார்கள். பின்னர் தரவு மின்னஞ்சலில் வந்திருக்கும். கருவி இருக்கும் அறைக்குள் அவர்கள் கால் வைத்தே இருக்க மாட்டார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை; வசதி குறைந்த கல்லூரிகளில் ஆய்வு இப்படித்தான் நடக்கிறது என்பது தேர்வுக்குழுவில் இருப்பவர்களுக்கும் தெரியும். தெரிந்திருப்பதால்தான் அவர்கள் கேட்கிறார்கள். எக்ஸ்ஆர்டியில் பயன்படும் தாமிரக் கே-ஆல்ஃபா-1 கதிரின் அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ரம் என்பதை மனப்பாடமாகச் சொல்லிவிடலாம். ஆனால், எக்ஸ்ஆர்டி தரவிலிருந்து படிக அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டில் கிடைத்த அளவும் மின்னணு நுண்ணோக்கியில் தெரிந்த துகளின் அளவும் ஏன் ஒத்துப்போகவில்லை, டிஇஎம் என்ற மின்னணு நுண்ணோக்கிக்கான மாதிரியை எந்தக் கிரிட்டில் (மாதிரியைத் தாங்கும் சிறு வலைத்தகட்டில்) எப்படித் தயாரித்தீர்கள் என்று அடுத்த கேள்வி வரும்போது, ‘கையாண்ட’ என்ற சொல் விண்ணப்பதாரருக்கு எதிராகவே திரும்பிவிடும். இதைத் தவிர்க்கும் வழி எளிது. நேரடியாக இயக்கிய கருவிகளை ஒரு வரியிலும், தரவை மட்டும் பகுப்பாய்வு செய்தவற்றை இன்னொரு வரியிலும் பிரித்து எழுதினால் போதும். “எக்ஸ்ஆர்டி தரவுகளை ஃபுல்ப்ராஃப் மென்பொருளில் ரீட்வெல்ட் முறைப்படி பகுப்பாய்வு செய்தல்” என்ற ஒற்றை வரிக்கு, ஐந்து கருவிப் பெயர்களுக்கு இல்லாத எடை உண்டு. மென்பொருள்களுக்கும் இதுவே பொருந்தும். பைத்தானுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் என்று தமக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் வழக்கம் இப்போது வார்ப்புருக்களின் புண்ணியத்தில் பரவியிருக்கிறது. அந்த நான்கு எதனோடு ஒப்பிட்ட நான்கு என்பது எழுதியவருக்கே தெரியாது.

வெளியீட்டுப் பட்டியலில் நடக்கும் குளறுபடிகள் இதைவிடக் கூடுதலான கேடு விளைவிப்பவை. அச்சான கட்டுரை, ஏற்கப்பட்ட கட்டுரை, இதழுக்கு அனுப்பப்பட்டு மதிப்பாய்வில் இருக்கும் கட்டுரை, இன்னும் நெறியாளரின் மேசையில் கிடக்கும் வரைவு ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் எண்ணிட்டு எழுதி, ‘மொத்தம் 7 கட்டுரைகள்’ என்று காட்டுவது நேர்மைக் குறைவாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒவ்வொரு நிலைக்கும் தனித் தலைப்பு வேண்டும். வெளிவந்தவற்றுக்கு டிஓஐ எனப்படும் நிலையான இணைய அடையாள எண் வேண்டும். வரைவுகளைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே நல்லது. ஆசிரியர்களின் பெயர்களை இதழில் வந்த வரிசையிலேயே முழுமையாகத் தந்து, தம் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் காட்ட வேண்டும். தம் பெயரை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்வதை இணையத்தில் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடலாம். இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் தாக்கக் காரணி இதழைப் பற்றிய எண்ணே தவிர, கட்டுரையைப் பற்றியதன்று. ஒவ்வொன்றாகக் கூட்டி, ‘மொத்தத் தாக்கக் காரணி 23.4’ என்று எழுதுவதில் பொருளே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு சில நாட்களில் கட்டுரையை வெளியிடும் போலி இதழ்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. தரமான இதழ்களைக் காட்டுவதற்காக வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டதால், ‘பட்டியலில் இருந்ததே’ என்ற சமாதானமும் இனி இல்லை. அத்தகைய இதழில் வந்த ஒரு கட்டுரை, நல்ல இதழில் வந்த இன்னொன்றின் மீதும் ஐயத்தை உண்டாக்கும்.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே இருக்கிறது. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்டு எழுதும் நாம், ஒரு கட்டுரையில் முதலெழுத்தை முன்னாலும், இன்னொன்றில் பின்னாலும், கடவுச்சீட்டு எடுத்த பிறகு தந்தையின் பெயரை முழுதாக விரித்தும் எழுதிவிடுகிறோம். செந்தில்குமார் என்று சேர்த்தெழுதிய பெயர் மற்றொரு கட்டுரையில் செந்தில், குமார் என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. குடும்பப் பெயரை எதிர்பார்க்கும் தரவுத்தளங்கள் இவற்றை வெவ்வேறு ஆட்களாகப் பதிவு செய்துவிடுகின்றன. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை உறுதி செய்துகொள்வதும், ஆர்கிட் எனப்படும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண்ணைப் பெற்று சி.வி.யின் தலைப்பில் தருவதும் இதற்குத் தீர்வு. அந்த எண்ணைப் பெறக் கட்டணம் எதுவும் இல்லை.

தகுதிகளைத் தேதியின்றி எழுதுவது அடுத்த தவறு. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வின் மதிப்பெண், முடிவு வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால் ஆண்டைக் குறிப்பிடாத மதிப்பெண்ணால் பயனில்லை. 2024 ஜூன் முதல் நெட் தேர்வு மூன்று வகைகளாகத் தகுதியை வழங்குகிறது. ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டுமான தகுதி ஆகியவற்றுள் எது கிடைத்தது என்று சொல்லாமல் ‘நெட் தேர்ச்சி’ என்று மட்டும் எழுதினால், குறைந்ததே கிடைத்திருக்கும் என்று படிப்பவர் முடிவு செய்வார். பத்துக்கு 8.2 என்ற சிஜிபிஏவை (ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரியை) நான்குக்கு இவ்வளவு என்று தாமே மாற்றி எழுதவும் கூடாது. எத்தனைக்கு எத்தனை என்று உள்ளபடியே தந்தால் மாற்ற வேண்டியவர்கள் மாற்றிக்கொள்வார்கள். ஆய்வேட்டை ஒப்படைத்ததற்கும் பட்டம் பெற்றதற்கும் இடையே வாய்மொழித் தேர்வு இருக்கிறது. அது முடியும் முன்பே பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளும் அவசரத்தைக் குழுவினர் ரசிப்பதில்லை.

தந்தை பெயர், மதம், திருமண நிலை, தெரிந்த மொழிகள், இறுதியில் ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற வாசகம், இடம், நாள், கையொப்பம் என்று முடியும் பழைய பயோடேட்டா அமைப்பை வெளிநாட்டு விண்ணப்பங்களில் அறவே தவிர்க்க வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பாகுபாட்டுப் புகாருக்கு இடம் தரக்கூடாது என்பதற்காகப் புகைப்படம், வயது, மதம் ஆகியவற்றைக் கேட்பதில்லை. இந்திய அரசு நிறுவனங்களுக்குச் சாதி, பிறந்த தேதி முதலிய விவரங்கள் தேவைப்பட்டால், அதற்கென்று தனிப் படிவமும் சான்றிதழும் கேட்பார்கள். ‘சவாலான சூழலில் என் திறமைகளை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பங்களிப்பது’ என்ற குறிக்கோள் வாசகத்துக்கும், 2020 ஊரடங்கின்போது இணையவழிக் கருத்தரங்குகளில் குவித்த மின்சான்றிதழ்களுக்கும் இதே கதிதான். மாநாடுகளில் கட்டுரை வாசித்தவற்றை மட்டும் எழுதி, பார்வையாளராகப் போய் வந்தவற்றை விட்டுவிடலாம்.

தொழில்துறைக்கு விண்ணப்பிப்பவர்கள் இதே ஆவணத்தை அப்படியே அனுப்பக் கூடாது. அங்கே இரண்டு பக்கங்களே அதிகம். வெளியீடுகளை ஒரு வரியில் சுருக்கி, ஆய்வில் எந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்தீர்கள் என்பதை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய நிறுவனங்களில் முதலில் மென்பொருளே படிப்பதால், இரண்டு பத்திகளாகப் பிரித்த பக்க அமைப்பு, படமாக ஒட்டப்பட்ட எழுத்து ஆகியவை பாதியிலேயே தொலைந்துபோகக்கூடும்.

பரிந்துரையாளர்களின் பெயர்களைக் கேட்காமல் எழுதுவதைப் பலரும் தவறாகவே கருதுவதில்லை. அனுமதி கேட்ட கையோடு, எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்ற குறிப்பையும் இறுதி செய்த சி.வி.யையும் அவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் ஒன்றும் அவர்கள் வேறொன்றுமாக எழுத நேரும். இணை நெறியாளரோ உடன் கட்டுரை எழுதியவரோ பரிந்துரைப்பது, பாடம் நடத்திய துறைத்தலைவரின் பொதுவான பாராட்டைவிட மதிப்புடையது. நிறுவன மின்னஞ்சல் முகவரியையே தர வேண்டும். ஓய்வு பெற்ற நெறியாளராக இருந்தால், பழைய முகவரி இன்னும் இயங்குகிறதா என்பதை அவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.