பழைய மரப் புரொப்பெல்லரில் கைவைக்கும் முன்

போன மாதம் ஒரு தம்பி கொண்டுவந்த முதல் உலகப்போர்க் காலத்துப் புரொப்பெல்லரில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. "அண்ணா, இது எந்த விமானத்தோடது?" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். கீழே போடாதே, வெயிலில் வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விடுங்கள்.

உப்புத்தாள்

வால்நட், மஹோகனிப் பலகைகளை விசிறிபோல் சற்றே விலக்கி அடுக்கி, பசை போட்டு ஒட்டி, அப்புறம் செதுக்கியவை இவை. அழுக்கு வார்னிஷுக்கு அடியில் பலகை வரிகள் மங்கலாகத் தெரியும்போது, தேய்த்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

நடுக் குடத்தில் (எஞ்சினோடு பொருத்தும் தடித்த மையப் பகுதி) குத்தியிருக்கும் எழுத்துகள்தான் அதன் ஜாதகம். விட்டம், பிட்ச் (ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னேறும் என்ற கணக்கு), வரைபட எண், எஞ்சின், குதிரைத்திறன் எல்லாம் அங்கே இருக்கும். ஜெர்மன் சரக்கில் குதிரைத்திறனுக்கு 'பி.எஸ்.' என்று போட்டிருப்பார்கள். புரொப்பெல்லரின் இறக்கையில் தயாரிப்பாளரின் ஒட்டுப்படம் இருக்கலாம். பெர்லினில் ஒரு கம்பெனியின் பெயரே 'கருடா'. பாரிஸில் லூசியன் ஷோவியேர் என்ற தயாரிப்பாளர் இருந்தார். 1909 ஜூலை 25 அன்று பிரெஞ்சு விமானி ப்ளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது அவர் செய்த வால்நட் புரொப்பெல்லரில்தான்.

நான் முதலில் வாங்கியதன் இறக்கையில் பழுப்பாக ஒரு திட்டு. ஏதோ கறை என்று தேய்த்தேன். பாதி போன பிறகுதான் இரண்டு எழுத்துகளின் வால் கண்ணில் பட்டது. மீதி ஒட்டுப்படம் உப்புத்தாளில் தூளாக இருந்தது. அதோடு நிறுத்தினேனா? குடத்தையும் 'சுத்தம்' செய்தேன். எண்கள் நகக்கீறல் மாதிரி ஆகிவிட்டன. வாங்க வந்தவர் விறகு விலை சொல்லிவிட்டுப் போனார். அது எந்த விமானத்தில் சுற்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தம்பிக்கு நான் என்ன பதில் சொல்ல?

மென்மையான பிரஷ், உலர்ந்த பருத்தித் துணி. சரி, அவ்வளவுதான்.

நுனியை உரிப்பது

நுனியில் ஒட்டிய துணியோ பித்தளைத் தகடோ பின்னால் வந்த ஒட்டுவேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1903இல் ரைட் சகோதரர்கள் ஸ்ப்ரூஸ் மரத்தில் செதுக்கிய எட்டரை அடிப் புரொப்பெல்லர்களிலேயே, நுனி பிளக்காமலிருக்கக் கித்தான் துணி ஒட்டியிருந்தது. தகட்டில் பொடி ஓட்டைகள் இருந்தால் அடைக்காதீர்கள். உள்ளே புகுந்த ஈரம் சுற்றும் வேகத்தில் வெளியேற வைத்தவை அவை.

குடத்தில் கடிகாரம் பதிப்பது

வேண்டாம்.

மூலையில் நிறுத்திவைப்பது

ஈரம் கீழ் இறக்கையில் இறங்கி, எடை ஒருபக்கம் சாயும். படுக்கைவாட்டில் மாட்டுங்கள்.

எஞ்சினில் மாட்டி ஒரே ஒரு சுற்று

நூறு வருடத்துப் பசை. நான் பக்கத்தில் நிற்க மாட்டேன்.