மீன்கொத்தி பாயும் திசை: ஸ்மட்ஜ் பாணியில் ஒரு கையொப்பப் படம்

ஈரம் காயாத மையின்மீது விரலை வைத்து இழுத்துப் பாருங்கள். எழுத்து கலையும், ஆனால் விரல் போன வழியில் ஒரு தடம் விழும். தொடங்கிய இடத்தில் அது அடர்த்தியாகவும் போகப்போக வெளிறியும் இருக்கும். படங்களைத் திருத்தும் மென்பொருள்களான ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் ஸ்மட்ஜ் (தேய்த்து இழுக்கும்) கருவிக்கு விரலையே சின்னமாக வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். பிரஷ் புதிய நிறத்தைப் பூசும். ஸ்மட்ஜ் ஏற்கெனவே இருக்கும் நிறத்தைத் தொட்டெடுத்து அடுத்த இடத்திற்கு இழுத்துச் செல்லும். ஆகவே இந்தப் பாணியில் நிறத்தைவிடத் திசைக்கே முதல் இடம். எங்கே தொட்டு எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதில்தான் படம் அமைகிறது.

பெயரும் ஓர் உருவமும் கொண்ட சிறிய கிடைமட்டப் பட்டையைத்தான் கையொப்பப் படம் என்கிறோம். இங்கே 400 பிக்சல் அகலமும் 150 பிக்சல் உயரமும் உள்ள ஒன்றைச் செய்வோம். நாம் எடுத்துக்கொள்ளும் உருவம், தண்ணீரை நோக்கித் தலைகீழாகப் பாயும் ஒரு மீன்கொத்தி. நீல முதுகு, ஆரஞ்சு வயிறு, நீண்ட அலகு என்று மூன்றும் தெளிவாகத் தெரிவதால் தொடக்கக்காரருக்கு ஏற்றது. நீங்கள் எடுத்த படத்தையோ, பயன்படுத்த உரிமம் உள்ள படத்தையோ வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியிலிருந்து வெட்டியெடுத்த உருவத்தை இந்தக் கலையில் ரெண்டர் என்று சொல்வது வழக்கம். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் திசை

புதிய கோப்பைத் திறந்து ரெண்டரை ஒட்டுங்கள். பறவை முழுவதும் தெரிய வேண்டும் என்று அதைச் சுருக்கிவிடாதீர்கள். வால் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை, கண்ணும் அலகும் பெரிதாகத் தெரிய வேண்டும். படத்தின் நட்டநடுவிலும் வைக்காதீர்கள். அகலத்தை மூன்றாகப் பிரித்து, வலப்பக்கத்துக் கோட்டின் அருகே கண் வரும்படி நகர்த்துங்கள்.

அலகு கீழே வலப்பக்கம் நோக்கி இருக்கிறது, பறவை அந்தப் பக்கம் போகிறது. அப்படியானால் அதன் தடம் மேலே இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். இனி இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் இந்தச் சாய்வுக்கு இணங்கியதாக இருக்கட்டும். ஒரு காகிதத்தில் அந்தச் சாய்கோட்டை வரைந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் பழக்கம். அரை மணி நேரம் வேலை செய்தபின் கை தன் போக்கில் வட்டம் போடத் தொடங்கும். அப்போது அந்தக் கோடுதான் கையை இழுத்துப் பிடிக்கிறது.

லேயர்கள்

கண்ணாடித் தாள்கள்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய படப் பரப்புகளே லேயர்கள். ரெண்டர் லேயரை இரண்டு முறை நகலெடுங்கள். ஆக மொத்தம் மூன்று. மேலே இருப்பது தூய பறவை, இப்போதைக்கு அதை மறைத்துவிடுங்கள். நடுவில் இருப்பதைத்தான் தீற்றப்போகிறோம். அடியில் இருப்பதை இரண்டு மடங்கு பெரிதாக்கி, 'காஸியன் பிளர்' என்ற மங்கலாக்கும் விளைவைக் கொடுத்து நன்றாக மங்கவிடுங்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஓர் அடர்நிறம் நிரப்புங்கள். அது கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. பறவையின் இறக்கை நிழலில் இருக்கும் ஆழ்நீலத்தை, படத்திலிருந்து நிறத்தை எடுக்கும் ஐட்ராப்பர் கருவியால் எடுத்துக்கொண்டால், பின்னணியும் உருவமும் ஒரே குடும்பத்து நிறங்களாகிவிடும்.

கிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. ஒட்டிய லேயரின் எல்லை பறவையின் அளவோடு நின்றுவிடும். அந்த எல்லையைத் தாண்டி ஸ்மட்ஜ் போகாது, நேர்க்கோட்டில் வெட்டியதுபோல் நின்றுவிடும். மேலே உள்ள 'லேயர்' மெனுவில் 'லேயர் டு இமேஜ் சைஸ்' என்பதைச் சொடுக்கினால் இது தீரும். எந்த மென்பொருளானாலும், ஒளிபுகும் பகுதிகளைப் பூட்டும் வசதி அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தொடக்கத்தில் கருவியே பழுதாகிவிட்டது என்று நினைக்கவைப்பது பெரும்பாலும் இந்தப் பூட்டுதான்.

பிரஷ்ஷும் வலுவும்

வழவழப்பான வட்டப் பிரஷ் இதற்கு உதவாது, எல்லாவற்றையும் புகையாக்கிவிடும். சாயம் தெறித்ததுபோல் ஒழுங்கற்ற விளிம்புள்ள பிரஷ்ஷைத் தேர்ந்தெடுங்கள். ஃபோட்டோஷாப்பில் எஃப்5 விசையை அழுத்தினால் பிரஷ் அமைப்புகள் திறக்கும். அங்கே 'ஸ்கேட்டரிங்' என்பதைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கிம்ப்பில் கருவியின் அமைப்புகளில் 'ஜிட்டர்' என்று இருப்பது ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். பிரஷ் பதியும் புள்ளிகள் ஒரே கோட்டில் விழாமல் அக்கம்பக்கம் சிதறும், இறகு பிய்ந்து பறப்பதுபோன்ற தோற்றம் அதில்தான் கிடைக்கிறது. ஃபோட்டோஷாப்பில் 'ஃபிங்கர் பெயின்டிங்' என்ற கட்டத்தில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். இருந்தால் ஒவ்வோர் இழுப்பும் முன்புற நிறத்தோடு தொடங்கும்.

வலுவைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது. ஃபோட்டோஷாப்பில் அதன் பெயர் 'ஸ்ட்ரென்த்', கிம்ப்பில் 'ரேட்'. 100 விழுக்காட்டில் வைத்தால், முதலில் தொட்ட நிறம் சற்றும் தேயாமல் இழுப்பின் கடைசிவரை போகும், வண்ணக் குச்சியால் கோடு போட்டதுபோல இருக்கும். 50-இல் வைத்தால் வழியில் உள்ள நிறங்களோடு கலந்து சீக்கிரமே கரைந்துவிடும். பின்னணிக்கு 80 முதல் 90 வரையும், பறவையின் உடலருகே 60 அளவிலும் வைத்துக்கொள்வது என் வழக்கம். ஃபோட்டோஷாப்பில் ஸ்மட்ஜ் கையில் இருக்கும்போது எண் விசை 8-ஐ அழுத்தினால் வலு 80 ஆகிவிடும். சதுர அடைப்புக்குறி விசைகள் பிரஷ்ஷின் அளவை மாற்றும். இரண்டையும் இடது கைக்குப் பழக்கிவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

தீற்றுதல்

முதலில் அடியில் உள்ள மங்கிய நகல். 70 பிக்சல் பிரஷ்ஷில், கீழ் வலமிருந்து மேல் இடமாக நீளமான இழுப்புகள் ஆறேழு போதும். அங்கே நுணுக்கம் தேடாதீர்கள், அது தூரத்துக் காற்று.

பிறகு நடு நகல். பாணியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பிரஷ்ஷை 30-க்குக் குறையுங்கள். பறவையின் உடலுக்குள்ளே, விளிம்பிலிருந்து சற்று உட்புறமாக வைத்து அழுத்தி, வெளிப்பக்கம் இழுத்து விடுங்கள். வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் இருள்தான் பறவைக்குள் நுழையும். முதுகிலிருந்து இழுக்கும்போது நீலம் ஒரு நாக்குபோல் நீளும். அதற்குச் சற்றுக் கீழே வயிற்று ஆரஞ்சைத் தொட்டு இழுங்கள். இரண்டு நாக்குகளும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும், இடையில் ஒரு மெல்லிய இருட்டு விடுபடும். அந்த இடைவெளியை நிரப்பிவிடாதீர்கள். அதுதான் இறகுகளைப் பிரித்துக் காட்டுகிறது.

நீளமும் குட்டையும் கலக்கட்டும். இரண்டு நீள இழுப்பு, ஒரு சிறு தட்டல், பிறகு 8 பிக்சலில் மயிரிழைபோல ஒன்று. அலகின் முன்னால் தடம் வேண்டாம். தண்ணீர் தெறிப்பதுபோல் இரண்டு மூன்று புள்ளிகள் மட்டும். ஒரே இடத்தில் ஐந்தாறு முறை இழுத்தால் நீலமும் ஆரஞ்சும் கலந்து சேற்று நிறமாகிவிடும். அந்த நிறம் எட்டிப்பார்த்ததும் மேலும் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல், செய்ததைத் திரும்பப் பெறும் கட்டளையால் பின்னோக்கி வாருங்கள். என் ஆரம்பகாலப் படங்கள் பலவும் இந்தச் சேற்றில்தான் முடிந்தன. எப்போது கையை எடுக்க வேண்டும் என்று கற்பதற்கு எனக்கு நீண்ட நாள் ஆனது.

இப்போது மறைத்த பறவையைத் திரும்பக் காட்டுங்கள். தீற்றல்களுக்கு மேல் ஒட்டுத்துண்டுபோல் உட்கார்ந்திருக்கும். அதற்கு ஒரு லேயர் மாஸ்க் (கறுப்பு பூசிய இடத்தில் லேயரை அழிக்காமல் மறைக்கும் திரை) சேர்த்து, மென்மையான கறுப்புப் பிரஷ்ஷால் முதுகையும் வாலையும் பகுதி பகுதியாக மறையுங்கள். அடியிலுள்ள தீற்றல் மெல்ல மேலே வரும். கண், அலகு, கன்னத்து வெண்மை மூன்றையும் தொடவே கூடாது. கண் கூர்மையாக இருக்கும்வரை மற்றவை எவ்வளவு சிதறினாலும் பார்ப்பவர் அதைப் பறவையாகவே காண்பார்.

ஒளி, நிறம், எழுத்து

மேலே ஒரு வெற்று லேயரை 'சாஃப்ட் லைட்' என்ற, அடியிலுள்ள படத்தோடு மென்மையாகக் கலக்கும் முறையில் வைத்து, தலைக்குப் பின்னால் மென்மையான வெள்ளைப் புள்ளி ஒன்று இடுங்கள். மூலப் படத்தில் ஒளி எந்தப் பக்கமிருந்து விழுந்திருக்கிறதோ, அந்தப் பக்கமாகவே இடுங்கள். நிறங்கள் தனித்தனியே நிற்பதாகத் தோன்றினால், படத்தின் இருள்-ஒளிக்கேற்ப ஒரு நிறவரிசையை ஏற்றும் 'கிரேடியன்ட் மேப்' ஒன்றை, 15 விழுக்காடு அடர்த்தியில் எல்லாவற்றுக்கும் மேலே போர்த்துங்கள். அவ்வளவு போதும்.

பெயர் சிறிதாக, பறவைக்கு அருகில், அதன் உடலிலிருந்தே எடுத்த நிறத்தில் இருக்கட்டும். மூலையில் தள்ளினால் கண் இரண்டு இடங்களுக்கு அலையும். நிழல், தடித்த வெளிக்கோடு, பளபளப்பு எதுவும் வேண்டாம். எழுத்துருவும் எளியதாக இருக்கட்டும். விளிம்பைச் சுற்றி 1 பிக்சல் அடர்நிறக் கோடு போட்டால் பட்டை ஒரு சட்டத்துக்குள் அடங்கும்.

சேமிப்பதற்கு முன் 100 விழுக்காடு அளவில் பாருங்கள். பெரிதாக்கிப் பார்த்தபோது அழகாக இருந்த மயிரிழைகளில் பாதி அங்கே தெரியாது. தெரியாதவற்றுக்காக வருந்தாதீர்கள், தெரிகிறவற்றில் திசை தவறியதைத் தேடி அழியுங்கள். பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் படத்தை 8 பிக்சல் சதுரக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், சிறிய எழுத்தைச் சுற்றிலும் ஆரஞ்சு விளிம்புகளிலும் அழுக்குப் படிந்ததுபோலாகும். லேயர்களோடு கூடிய மூலக்கோப்பையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் திறந்து பார்த்தால், அலகின் முன்னால் ஒரு புள்ளி அதிகமாக இருப்பது கண்ணில் படும்.